பசி தெரியாதவர்கள் வேளைக்குச் சாப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசி தெரிவதில்லை, அதனால் சாப்பாடு தவறிப்போகிறது என்று சொல்பவர்களிடமிருந்து ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தொகுத்தேன். நானும் இதே ரகம்தான், மருத்துவர் இல்லை. நோய், மருந்து பற்றிய இடங்களில் உங்கள் மருத்துவர் சொல்வதையே கேளுங்கள். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

பசி தெரியாம ஒரு மனுஷன் இருக்க முடியுமா? எல்லாருக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல?

இருக்கிறது. ஆனால் அது அனுப்பும் சேதி எல்லோருக்கும் ஒரே அழுத்தத்தில் போய்ச் சேர்வதில்லை. வயிறு காலியாகும்போது கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, வயிற்றுச் சுவர் சுருங்கி விரிகிறது. இதெல்லாம் இரத்தம் வழியாகவும் நரம்பு வழியாகவும் மூளைக்குப் போகிறது. நெஞ்சு படபடப்பு, சிறுநீர் முட்டுவது, குளிர், பசி போன்ற உடலின் உள்சேதிகளைத் திரட்டுவதில் இன்சுலா என்ற மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு. ‘எனக்குப் பசிக்கிறது’ என்று நமக்குத் தோன்றுவது அதற்கும் அப்புறம்தான். இந்த வழியில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் சேதி மங்கிப்போகலாம். கவனம் வேறெங்கோ மூழ்கியிருந்தால் சேதி வந்தும் பயனில்லை.

ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனம் சிதறுதல், துறுதுறுப்பு சார்ந்த நிலை) உள்ளவர்களில் பலருக்கு இப்படி இருக்கிறது. மனச்சோர்வு, ஓயாத மன அழுத்தம், சில மருந்துகள், வருடக்கணக்கில் டயட் என்று பசியை அடக்கிப் பழகியது, முதுமை என்று வேறு காரணங்களும் உண்டு. எந்தக் காரணமும் பிடிபடாதவர்களும் இருக்கிறார்கள். சிறுநீர் முட்டுவது கடைசி நிமிடத்தில்தான் தெரிகிறது, குளிர்கிறது என்பது கை விறைத்த பிறகுதான் உறைக்கிறது என்றால், பசியும் அந்த வரிசையில் சேர்ந்ததாக இருக்கலாம்.

‘பசித்துப் புசி’ன்னு சொல்றாங்களே. பசிக்காமலே சாப்பிட்டா கெடுதல் இல்லையா?

அது தேவைக்கு மேல் சாப்பிடுபவரைப் பார்த்துச் சொன்னது. முந்தின வேளை செரிக்கும் முன்னே அடுத்ததை இறக்காதே என்பதுதான் விஷயம். பசி உரிய நேரத்தில் தானாகத் தெரியும் என்ற நம்பிக்கையில் அந்தப் புத்திமதி நிற்கிறது. நமக்கு அந்த அடித்தளமே ஆட்டம் காண்கிறதே!

நடுத்தர அளவுச் சாப்பாடு ஒன்று வயிற்றைவிட்டு இறங்க ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் கடந்துவிட்டால், தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் வயிறு பெரும்பாலும் காலிதான். ஆகவே நீங்கள் உண்மையில் பசிக்காமல் சாப்பிடவில்லை, பசி தெரியாமல் சாப்பிடுகிறீர்கள். கீழே வரும் பதில்கள் எல்லாமே இதிலிருந்து கிளைப்பவைதான்: சாப்பிடப் பசியின் அனுமதி வேண்டாம், கடிகாரம் காட்டினால் போதும்.

எனக்கு வயிறு உறுமவே உறுமாது. வேற எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறது?

வயிற்றின் சத்தத்தை நம்பவே வேண்டாம். சாப்பிடாத நேரத்தில் வயிறும் குடலும் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மிச்சம்மீதியைக் கீழே தள்ளிச் சுத்தம் செய்துகொள்ளும். உறுமலில் பாதி அந்த வேலையின் சத்தம். 1912-இல் அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனனும் அவருடைய மாணவர் வாஷ்பர்னும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வாஷ்பர்ன் ஒரு பலூனை விழுங்கி, வயிறு சுருங்குவதையும் தனக்குப் பசி கிள்ளுவதையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார். இரண்டும் ஒத்துப்போயின. பசி என்றால் வயிற்றுச் சுருக்கம் என்று முடிவு கட்டினார்கள். அறுவை சிகிச்சையில் வயிற்றையே நீக்கியவர்களுக்கும் பசி வருவதுண்டு என்பது பிற்பாடு தெரிந்தது. அதனால் வயிறு பேசாவிட்டால் பசி இல்லை என்று ஆகாது.

பலருக்குப் பசி வேறு வேடத்தில் வரும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது, சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல், காரணமில்லாத அழுகை, கை கால் சில்லிடுவது, கொட்டாவி, நெற்றியில் வலி, இலேசான நடுக்கம், எதுவுமே உருப்படாது என்ற எண்ணம். குமட்டலும் உண்டு. அதுதான் மோசமான வேடம், ஏனென்றால் குமட்டும்போது சாப்பிடாமல் இருப்பதே சரி என்று படும்.

இவற்றைச் சாப்பிடும் முன் கண்டுபிடிப்பது கஷ்டம். பின்னால் இருந்து பாருங்கள்: சாப்பிட்ட அரை மணி நேரத்தில் எது காணாமல் போனது? எரிச்சல் என்றால் எரிச்சல்தான் உங்கள் அடையாளம். இரண்டு மூன்று வாரம் குறித்துவைத்தால் ஒரு வடிவம் தெரியும். தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை, நேரத்துக்குச் சாப்பிட இந்த அடையாளங்கள் தேவையே இல்லை, கூடுதல் உதவி மட்டும்தான்.

சரி, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை?

3 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. உணவுக் கோளாறுகளுக்கான உளவியல் சிகிச்சையில் நெடுநாளாகப் பயன்படுத்தும் அட்டவணை இது: மூன்று பெரிய வேளை, நடுவில் இரண்டு அல்லது மூன்று சிறு தீனி, எந்த இடைவெளியும் 4 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அங்கேயும் காரணம் இதேதான், பசி உணர்வை நம்ப முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு அது.

மணியை விழித்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். இரவு வேலைக்குப் போய் மதியம் எழுபவருக்கு மதியம்தான் காலை. எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் வாய் போய்விட்டால் மீதி நாள் ஓரளவு தானாக அமைகிறது. அது தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகும். ஆறு வேளை என்றதும் மலைப்பாக இருந்தால் மூன்றில் தொடங்குங்கள். அந்த மூன்றும் நிலைத்த பிறகு நடுவில் உள்ளதைச் சேர்க்கலாம்.

அலாரம் வெச்சுப் பார்த்தாச்சு. அணைச்சுட்டு வேலையைத்தான் பார்க்கறேன்.

மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். அலாரம் தோற்பதற்குப் பெரும்பாலும் சோம்பல் காரணமில்லை. ‘சாப்பிடு’ என்று அலாரம் அடிக்கும்போது அது ஒரு வேலையைச் சொல்வதாகத் தோன்றுகிறது, ஆனால் அதற்குள் ஒன்பது வேலை ஒளிந்திருக்கிறது: செய்வதை நிறுத்து, எழுந்திரு, என்ன இருக்கிறது என்று பார், முடிவு செய், சூடாக்கு, தட்டு எடு, உட்கார், தின்னு, கழுவு. மூளை இந்த மொத்தச் சங்கிலியையும் ஒரு நொடியில் பார்த்து, ‘அப்புறம்’ என்று சொல்லிவிடுகிறது.

ஆகவே அலாரத்தின் பெயரை மாற்றுங்கள். ‘மதிய உணவு’ என்று எழுதாமல், ‘பையில் இருக்கும் வாழைப்பழத்தை உரி’ என்று எழுதுங்கள். கை செய்ய வேண்டிய முதல் அசைவு மட்டும் அதில் இருக்கட்டும். பத்து நிமிடம் முன்னதாக இன்னொரு அலாரம், வேலையை ஒரு நிறுத்தத்துக்குக் கொண்டுவர. நடுவரியில் பிடுங்கினால் யாருக்கும் கோபம் வரும். கை எட்டும் தூரத்தில் எதையாவது வைத்துவிட்டு, ஏதாவது ஒரு வாய் உள்ளே போன பிறகுதான் அலாரத்தை அணைப்பேன் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் இந்த விதி வேலை செய்கிறது. ஒரு வாய் போனால் அடுத்தது பெரும்பாலும் தானாகப் போகும்.

ஒரே ஒலி சில வாரங்களில் காதுக்குப் பழகிவிடும்; அவ்வப்போது மாற்றுங்கள். அலாரமே பிடிக்காதவர்கள் ஏற்கெனவே தவறாமல் நடக்கும் காரியத்தோடு சாப்பாட்டை முடிச்சுப் போடலாம்: பல் தேய்த்ததும், மாத்திரை போடும்போது, வேலைக் கணினியைத் திறக்கும் முன், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும். இவை எல்லாவற்றையும்விட உறுதியானது இன்னொரு ஆள். அதே நேரத்தில் சாப்பிடும் ஒருவரோடு, வீடியோ அழைப்பில்கூட, உட்கார்ந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

என்ன சாப்பிடறதுன்னு யோசிக்கறதுக்குள்ளயே ஓய்ஞ்சுபோயிடறேன்.

அப்படியென்றால் சாப்பிடும் நேரத்தில் யோசிக்காதீர்கள். தெம்பான ஒரு நேரத்தில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் மூன்று அடுக்காக எழுதுங்கள். எழுந்து நிற்கவே முடியாத நாளுக்கு: பொட்டலத்தைப் பிரித்தால் போதும் என்கிற வகை, அதாவது பழம், கடலை, பிஸ்கட், பால். ஐந்து நிமிடம் நிற்க முடிகிற நாளுக்கு: முட்டை, ரொட்டி, தயிர் கலந்த ஏதாவது. சமைக்க முடிகிற நாளுக்கு மூன்றாவது. அதைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். அலாரம் அடித்தால் அன்றைய தெம்புக்கு ஏற்ற அடுக்கில் முதலில் இருப்பதை எடுக்க வேண்டியதுதான்.

தினமும் ஒரே சாப்பாடா என்று யாராவது கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். சத்தில் பெரிய ஓட்டை விழாத வரை ஒரே காலை உணவை மாதக்கணக்கில் சாப்பிடுவதில் தப்பில்லை. தட்டில் மாவுச்சத்து, புரதம், கொஞ்சம் கொழுப்பு மூன்றும் இருந்தால் அடுத்த வேளை வரை தாங்கும். மூன்றும் சேரவில்லை, பிஸ்கட் மட்டும்தான் இருக்கிறது என்றால் பிஸ்கட்டைச் சாப்பிடுங்கள். ‘நல்ல’ உணவுக்குக் காத்திருந்து ஒன்றுமே சாப்பிடாமல் போவதுதான் நம் ஆட்கள் அடிக்கடி விழும் பள்ளம்.

நேரமாச்சேன்னு உட்கார்ந்தா, பார்த்தாலே குமட்டுது.

இடைவெளி நீண்டுபோனதாலேயே வந்த குமட்டலாக இருக்கலாம். அப்போது பெரிய தட்டை ஒதுக்கிவிட்டு, வாசனை குறைந்த, குளிர்ந்த, காய்ந்த ஏதாவது ஒன்றை இரண்டு கடி கடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து இன்னும் இரண்டு. பால், மோர், பழச்சாறு, கஞ்சி போன்ற திரவங்கள் மெல்ல வேண்டாதவை, வயிற்றைவிட்டும் சீக்கிரம் இறங்கும். குமட்டும் நாளில் அவையே முழு வேளையாக இருக்கலாம்.

சில உணவுகளின் வழவழப்பு, மணம், சத்தம்கூடச் சிலருக்கு ஆகாது. அது நாக்கின் திமிர் இல்லை. ஆகாததை விலக்கிவிட்டு, ஆகும் ஐந்தாறு உணவை வீட்டில் தீராமல் வைத்திருங்கள். ஆகும் பட்டியல் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே போனால் மட்டும் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ரெண்டு வாய்லயே வயிறு ரொம்பிடுது. என்ன செய்ய?

நெடுநாள் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கு வயிறு காலியாவதே மெதுவாகிவிடும். ஆகவே கொஞ்சத்திலேயே நிறைந்த மாதிரி இருக்கும். ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியதும் சில வாரங்களில் இது பெரும்பாலும் இளகும். அதுவரை அளவைக் குறைத்து வேளைகளைக் கூட்டுங்கள், தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையில் குடியுங்கள், கொஞ்சத்தில் நிறைய சக்தி தரும் கொட்டை வகைகள், நெய், வெண்ணெய், முழுக்கொழுப்புப் பால் போன்றவற்றைச் சேருங்கள்.

புதிதாக வந்த நிறைவு உணர்வு, வாந்தியோ வலியோ சேர்ந்தது, வாரக்கணக்கில் விடவில்லை என்றால் வீட்டில் வைத்தியம் பார்க்க வேண்டாம்.

பகல் பூரா ஒண்ணும் வேணாம்னு இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல கை நிக்கவே மாட்டேங்குது. மனக்கட்டுப்பாடு இல்லையோ?

கட்டுப்பாட்டில் குறை இல்லை, கணக்குதான் நேராகிறது. பகலில் வேலையும் பரபரப்பும் பசியை அமுக்கி வைக்கின்றன. அட்ரினலின் கூடும்போது பசி அடங்குவது உடலின் இயல்பு. இரவு எல்லாம் அடங்கியதும் உடல் மொத்தப் பாக்கியையும் ஒரே தவணையில் கேட்கிறது. அதற்கு ‘நாளை காலை சாப்பிட மாட்டேன்’ என்று தண்டனை கொடுத்தால் மறுநாள் இரவும் இதே கதைதான்.

1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரை வயிறு உணவு கொடுத்தார். போர்ப் பஞ்சத்தில் வாடியவர்களைத் தேற்றுவது எப்படி என்று அறிவதற்காக நடந்த ஆய்வு அது. அவர்கள் எரிந்து விழுந்தார்கள், எப்போதும் குளிர்கிறது என்றார்கள், நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகம் படித்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் பலர் வயிறு நிறைந்த பின்னும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். எல்லாரும் மன உறுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இரவுத் தீனியைச் சரிசெய்ய இரவில் போராடுவது வீண். காலையையும் மதியத்தையும் நிரப்புங்கள். இரவு தானாக அடங்கச் சில வாரம் பிடிக்கும்.

ஏடிஹெச்டி மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்து இருந்த கொஞ்ச பசியும் போச்சு. மாத்திரையை விட்டுடலாமா?

நீங்களாக விடாதீர்கள். மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளுக்குப் பசி குறைவது மிகவும் தெரிந்த பக்கவிளைவு; மருத்துவர் ஆச்சரியப்பட மாட்டார். மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் முன் ஒரு முழுக் காலை உணவு, நடுவில் குடிக்கும் வகையில் ஏதாவது, மருந்தின் வேகம் இறங்கும் மாலையில் இன்னொரு முழு வேளை என்று அமைத்துப் பாருங்கள். மாலையில் திடீரென்று அகோரப் பசியும் சிடுசிடுப்பும் வந்தால் அதுவும் இந்த மருந்தோடு வருவதுதான். எடை இறங்கினால் அளவையோ வகையையோ நேரத்தையோ மாற்ற வழி இருக்கிறது. குழந்தைகளுக்கு இந்த மருந்து தரும்போது உயரம், எடை இரண்டையும் மருத்துவர்கள் தொடர்ந்து அளப்பார்கள்.

வேறு சில மருந்துகளும் பசியைக் குறைக்கும்: மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெட்டின், வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் டோபிராமேட், சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின், சர்க்கரை நோய்க்கும் எடைக் குறைப்புக்கும் தரும், வயிறு காலியாவதையே மெதுவாக்கும் செமாக்ளூடைடு. பசி போன தேதியையும் மருந்து தொடங்கிய தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

நான் காபியிலயே ஓட்டிடுவேன். அதுலதான் பாலும் சர்க்கரையும் இருக்கே?

காபியில் உள்ள கஃபீன் கொஞ்ச நேரத்துக்குப் பசியை மங்கவைக்கலாம், சிகரெட்டும் அப்படியே. ஏற்கெனவே மங்கலாக இருப்பதை இன்னும் மங்கவைப்பது நமக்கு வேண்டாத வேலை. காபியை நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் சாப்பாடு, அப்புறம் காபி என்று வரிசையை மாற்றினால் போதும்.

கொஞ்ச நாள் இப்படி மணி பார்த்துச் சாப்பிட்டா பசி திரும்பி வந்துடுமா?

பலருக்கு ஓரளவு வருகிறது. முதல் பதிலில் சொன்ன கிரெலினை 1999-இல் ஜப்பானில் மசயாசு கொஜிமா, கென்ஜி கங்காவா குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதன் வழக்கம் சுவாரசியமானது: வயிறு காலியாவதற்கு மட்டுமல்ல, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்கும் அது பழகிக்கொள்ளும். தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுபவருக்கு அந்த நேரம் நெருங்கும்போது கிரெலின் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். தாறுமாறாகச் சாப்பிடும் உடலுக்கு அப்படி எதிர்பார்க்க நேரமே இல்லை.

சிலருக்குப் பசி திரும்பும்போது அளவுக்கு மீறி வரும், ஒரு வேளை முடிந்த கையோடு அடுத்தது கேட்கும். பயந்து குறைக்க வேண்டாம், கொஞ்ச நாளில் படியும். எனக்குத் தெரிந்த சிலருக்கு வரவே இல்லை. ஆட்டிசத்தோடு பிறந்ததிலிருந்தே இப்படி இருப்பவர்களுக்கு வராமலே போகலாம். அவர்கள் வருடக்கணக்காகக் கடிகாரத்தை வைத்தே நன்றாகச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறார்கள். பசி வரும் என்ற எதிர்பார்ப்பில் இதைச் செய்யாதீர்கள், வராத மாதத்தில் கைவிடத் தோன்றும்.

இப்போ வர்றது பசியா, சலிப்பா, கவலையான்னு எப்படிப் பிரிக்கறது?

பிரிக்கவே வேண்டாம். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று பாருங்கள். 3 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதென்றால் என்னவாக இருந்தாலும் முதலில் சாப்பிடுங்கள். கவலையாக இருந்தால் சாப்பிட்ட பிறகும் அது அங்கேயே இருக்கும், ஆனால் அதைச் சந்திக்கத் தெம்பு இருக்கும். இப்போதுதான் சாப்பிட்டீர்கள், இருந்தும் வேண்டும்போல இருக்கிறதா? ஒருவேளை அளவு போதவில்லை. அதையும் தப்பென்று எழுதிவைக்க வேண்டாம்.

தினமும் ஆறு வேளையா? எடை கூடிடாதா?

ஆறு முழுச் சாப்பாடு இல்லை, அன்றைய உணவைப் பிரித்துச் சாப்பிடுவது. குறைந்த எடையில் இருந்தவருக்குக் கூடும், கூடத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு, குறிப்பாக இரவில் மொத்தமாகச் சாப்பிட்டவர்களுக்கு, பெரிய மாற்றம் இல்லாமலும் போகலாம்.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது நெஞ்சு படபடக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். பசி தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே, ஒரு வேளை தவறினால் உள்ளூர நிம்மதியாகவும் சாப்பிட்டால் குற்ற உணர்வாகவும் இருந்தால், அது வேறு விஷயம். அட்டவணை மட்டும் அதைத் தீர்க்காது. உணவுக் கோளாறுகள் தெரிந்த ஒருவரின் துணை வேண்டும். எடை பற்றிய கவலை துளியும் இல்லாமல், சாப்பாட்டில் நாட்டமின்மையாலோ வெறுப்பாலோ உடல் கெடும் அளவுக்குக் குறைவாகச் சாப்பிடுவதற்கும் ஒரு நோய்ப்பெயர் உண்டு. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டில் அது ஏஆர்எஃப்ஐடி என்று இடம்பெற்றது. பெயர் இருப்பதால் சிகிச்சையும் கேட்டுப் பெறலாம்.

எப்படியும் சாப்பிடறதில்லை. அதையே இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்னு வெச்சுக்கலாமே?

வேண்டாம். விரதத்தை எப்போது முடிக்க வேண்டும் என்று உடல் சொல்வது தெரிந்தவருக்குத்தான் அந்த விளையாட்டு. நமக்குப் பதினாறு மணி நேர விரதம் இருபத்தாறாக நழுவிப்போவது சுலபம்.

எனக்குச் சர்க்கரை நோயும் இருக்கு. இதெல்லாம் பொருந்துமா?

இன்சுலினோ, சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர் சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஆகவே உங்களுக்கு அட்டவணை வசதிக்கான ஏற்பாடு இல்லை, அது கட்டாயம். ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் சர்க்கரை, பழச்சாறு, குளுக்கோஸ் என்று சீக்கிரம் இரத்தத்தில் சேரும் 15 கிராம் மாவுச்சத்து எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் முறை.

அடிக்கடி இறங்கினால், இறங்குவதற்கான அறிகுறிகளே மழுங்கிப்போவதும் நடக்கும். உள்சேதி முன்பே மங்கலாக உள்ளவர், நடுக்கம் வந்தால் தெரியும் என்று இருக்கவே கூடாது. கருவியை நம்புங்கள். பசி தெரியாது என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால், அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்க அவருக்கும் வசதி.

என் வீட்டுக்காரருக்குத்தான் இந்தப் பிரச்சினை. ‘பசிக்குதா, சாப்பிடறீங்களா’ன்னு கேட்டாலே எரிஞ்சு விழறார்.

அந்தக் கேள்விக்கு அவரிடம் உண்மையான பதில் இல்லை. உள்ளே தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் ‘இல்லை’ என்கிறார். கேள்வியை விட்டுவிட்டு, நேரமானதும் பேசாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் ‘இதுவா, அதுவா’ என்று கேளுங்கள். எரிச்சலே அவருடைய பசியாக இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். வேடங்கள் பற்றிய பதிலை அவர் சாப்பிட்ட பிறகு காட்டுங்கள், முன்னால் காட்ட வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தில், என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்வதும், எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விடுவதும் நல்ல பங்கீடு. கெஞ்சல், மிரட்டல், ‘இன்னும் ஒரே ஒரு வாய்’ எல்லாம் சாப்பாட்டு மேசையையே பயமாக்கிவிடும். பிள்ளையின் எடை ஏறாமல் நின்றால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

நல்லாத்தான் போயிட்டிருந்துது. ஒரு வாரமா எல்லாம் போச்சு. மறுபடி எங்கேர்ந்து தொடங்கறது?

அடுத்த மணியிலிருந்து. தவறிய வேளைகளைச் சேர்த்துச் சாப்பிட்டு ஈடுகட்ட வேண்டாம், திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். காகிதத்தின் முதல் அடுக்கில், பொட்டலம் பிரிக்கும் வகையில், ஒன்று.

ஒரு எச்சரிக்கை. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவர், அல்லது ஏற்கெனவே மிகவும் மெலிந்தவர், திடீரென்று முழு அளவில் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்றவை சடாரென்று இறங்கி இதயம்வரை பாதிக்கலாம். அந்த நிலையில் மருத்துவக் கண்காணிப்போடுதான் தொடங்க வேண்டும்.

டாக்டர்கிட்ட எப்போ போகணும்? ‘பசிக்கலை’ன்னா ஒரு டானிக் எழுதிக் குடுத்து அனுப்பிடறாங்க.

முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்திருந்தால் போக வேண்டும். அதாவது 60 கிலோ இருந்தவர் 57 ஆவது. விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி, கறுத்த மலம், விடாத காய்ச்சல், மயக்கம், மாதவிடாய் நின்றுபோவது இவற்றில் ஏதாவது சேர்ந்தால் எடை பார்க்கக் காத்திருக்க வேண்டாம். நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த பசி சமீபத்தில் காணாமல் போனதும் காட்ட வேண்டிய விஷயம்தான். தைராய்டு குறைவு, இரத்தசோகை, சிறுநீரகம், கல்லீரல், நாட்பட்ட தொற்று, மனச்சோர்வு என்று காரணம் தேட வேண்டியிருக்கும். வாழ்வில் இனி ஒன்றும் வேண்டாம் என்ற எண்ணம் கூடவே இருந்தால் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள்.

‘பசிக்கலை’ என்று மட்டும் சொன்னால் டானிக்தான் வரும். ஒரு வாரம் எந்த மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதியதை எடுத்துப் போங்கள். எப்போதிலிருந்து இப்படி, சின்ன வயதிலிருந்தா, சமீபத்திலா? சாப்பிடப் பிடிக்கவில்லையா, அல்லது உட்கார்ந்தால் சாப்பிட முடிகிறது, நினைவுதான் வருவதில்லையா? முந்தையது நாட்டமின்மை, பிந்தையது சேதி வராதது. தேட வேண்டிய திசையே வேறு. தாகம், சிறுநீர், வலி இவையும் தாமதமாகத் தெரிகின்றனவா என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுக்கும் மருந்துகள், ஆறு மாதத்துக்கு முந்தைய எடை, இப்போதைய எடை. இதெல்லாம் ஒரு பக்கத்துக்குள் இருந்தால், உட்கார்ந்ததும் பேசத் திணறாமல் அப்படியே நீட்டிவிடலாம்.